பழிவாங்கும் பெண், பணமில்லாத படம்: ஏற்காட்டு பங்களாவிலிருந்து சென்சார் வரை

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு, ஐந்து ரோடு பக்கச் சுவர்களில் அவ்வப்போது ஒரு மாதிரியான போஸ்டர் வரும். கையில் அரிவாளோடு ஒரு பெண், நெற்றியிலிருந்து வழியும் ரத்தம், தோளில் கிழிந்த உடை, மூலையில் பொடியாக ஒரு ‘ஏ’. நடிகை பெயரும் தெரிந்ததாக இருக்காது, டைரக்டர் பெயரும் தெரிந்ததாக இருக்காது. வெள்ளிக்கிழமை வந்த படம் அடுத்த வெள்ளிக்கு இருக்காது. கொஞ்ச நாள் கழித்து அதே படம் ஓடிடியில் வரும். தியேட்டரில் பார்த்ததைவிட அதில் ரத்தம் கூடுதலாக இருக்கும்.

பார்க்கிறவர்களுக்கு வரும் கேள்விகள் மூன்று. இது பெண்ணுக்காகப் பேசுகிற படமா, பெண்ணை வைத்துக் காசு பார்க்கிற படமா? சென்சார் இதை எப்படி விட்டது? தியேட்டரில் இல்லாத காட்சி ஓடிடியில் எப்படி வந்தது? மூன்றுக்கும் பதில் தேட வேண்டுமானால் கதையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, படத்தின் செலவுக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

இது என்ன வகைப் படம்

சினிமா எழுத்தில் இதற்கு ‘எக்ஸ்ப்ளாய்டேஷன் படம்’ என்று பெயர். நட்சத்திரம் கிடையாது, பெரிய செட் கிடையாது, விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. அதனால் ஊர் வாய்விட்டுப் பேசக் கூசுகிற ஏதோ ஒன்றை, உடம்பையோ ரத்தத்தையோ ஒரு குற்றத்தையோ, முன்னால் நிறுத்தி ஆள் சேர்க்க வேண்டியிருக்கிறது. பெண் பழிவாங்கும் படம் இதில் ஒரு கிளை. அதன் கட்டுமானம் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான்:

1. ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடக்கிறது. செய்பவர்கள் மூன்று அல்லது நான்கு பேர்.
2. போலீஸ், கோர்ட், ஊர் எதுவும் அவளுக்கு உதவவில்லை. அவள் தனியாகத் தயாராகிறாள்.
3. ஒவ்வொருவராகக் கொல்கிறாள்.

மூன்றாவது பாகத்துக்குத்தான் ரசிகர் டிக்கெட் வாங்குகிறார். ஆனால் மலிவுப் படங்களில் அதிக நேரம் ஓடுவது முதல் பாகம். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

பழிவாங்கும் பெண் நமக்குப் புதியவள் இல்லை. மதுரையை எரித்த கண்ணகி இருக்கிறாள், பழையனூர் நீலி இருக்கிறாள். சேலத்துக்கே சொந்தமான ஒருத்தியும் இருக்கிறாள். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கி நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டுடியோ அது. அங்கிருந்து 1950-ல் வந்த ‘மந்திரி குமாரி’ ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையிலிருந்து எடுக்கப்பட்டது. கணவன் இனிக்க இனிக்கப் பாடி மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். போனதும், உன்னைத் தள்ளிவிடப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறான். சாகும் முன் உங்களை மூன்று முறை சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறாள் அவள். சுற்றுகிறாள். மூன்றாவது சுற்றில் பின்னாலிருந்து ஒரே தள்ளு.

அந்தக் காட்சியில் அவள் மீது யாரும் கை வைக்கவில்லை. உடை கிழியவில்லை. கணவன் வாயால் சொன்ன ஒரு வாக்கியமே அவள் செய்யப்போவதை நியாயமாக்கிவிடுகிறது. கொடுமையை நீட்டிக் காட்டினால்தான் பழிக்கு வலு வரும் என்பவர்களுக்கு, சேலத்தில் எடுத்த இந்த ஒரு காட்சியே போதுமான மறுப்பு.

இந்த ஃபார்முலா எங்கிருந்து வந்தது

இன்றைய மலிவுப் பழிவாங்கல் படத்தின் அச்சு 1970-களில் வெளிநாட்டில் வார்க்கப்பட்டது. இரண்டு படங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது ஸ்வீடனில் போ ஆர்னே விபேனியஸ் எடுத்த ‘த்ரில்லர்’, 1973. அதற்கு முன் அவர் எடுத்த குழந்தைகள் படம் பணத்தைத் தின்றுவிட்டது. விட்டதைப் பிடிக்க, எது விற்குமோ அதை எடுத்தார். சிறுவயதில் நடந்த கொடுமையால் பேச்சை இழந்த ஒரு பெண். அவளை ஒருவன் போதைக்கு அடிமையாக்கிப் பாலியல் தொழிலில் தள்ளுகிறான், எதிர்த்தபோது ஒரு கண்ணைப் பறிக்கிறான். அவள் கார் ஓட்டவும் சுடவும் அடிக்கவும் கற்றுக்கொண்டு திரும்பி வருகிறாள். ஸ்வீடன் தணிக்கை அதைத் தடைசெய்தது. தடையையே விளம்பரமாக்கி விற்றார்கள். அமெரிக்காவில் வெட்டிச் சுருக்கி வேறு தலைப்பில் ஓட்டினார்கள். குவென்டின் டரான்டினோவின் ‘கில் பில்’ படத்தில் ஒற்றைக்கண் கட்டோடு வரும் பெண்ணுக்கு மூலம் இவள்தான்.

அந்தப் படத்தில் அப்பட்டமான உடலுறவுக் காட்சிகள் சில உண்டு. நாயகியாக நடித்த கிறிஸ்டினா லிண்ட்பெர்க் அவற்றில் இல்லை. வேறு ஆட்களை வைத்துத் தனியாக எடுத்து இடையில் ஒட்டினார்கள். பார்ப்பவனுக்கோ அது அவள் உடம்பு. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ‘பிட்’ என்று சொல்லப்பட்டது இதன் தம்பிதான். சென்சார் ஆன படத்தின் நடுவில் சென்சார் ஆகாத துண்டை ஆபரேட்டர் அறையில் செருகி ஓட்டுவார்கள். சினிமாட்டோகிராஃப் சட்டம் 1952, பிரிவு 7-ன்படி இது குற்றம். மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் அந்த நடிகைக்கு யார் பதில் சொன்னார்கள்? தன் பெயரில் இன்னொருவரின் உடம்பு ஊர் ஊராக ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது படம் அமெரிக்காவில் மெயர் சார்ச்சி எடுத்து 1978-ல் வந்தது. முதலில் வைத்த தலைப்பு ‘பெண்ணின் நாள்’ என்ற பொருளில் இருந்தது. ஓடவில்லை. 1980-ல் இன்னொரு விநியோகஸ்தர் அதை வாங்கி, ‘உன் கல்லறையில் துப்புகிறேன்’ என்று பெயர் மாற்றிவிட்டார். படம் பிய்த்துக்கொண்டு போனது. அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு நட்சத்திரம்கூடத் தராமல் கிழித்தெழுதினார். பிற்காலத்தில் சில பெண்ணிய ஆய்வாளர்கள் அதே படத்தை வேறு கண்ணோடு படித்தார்கள். அப்படியானால் சுரண்டல் எங்கே இருக்கிறது? எடுத்ததில் பாதி, விற்றதில் பாதி என்பேன். தலைப்பும் போஸ்டரும் மாறியதுமே உள்ளே வந்து உட்கார்ந்த கூட்டம் மாறியது. கூட்டம் எங்கே கைதட்டியது என்பதும் சேர்ந்து மாறியது.

பட்ஜெட் கதையை வளைக்கும் விதம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சிறு தயாரிப்பாளர் ஒருவர் இந்த வகைப் படம் எடுக்க மலைப்பக்கம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து இருபது கொண்டைஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. காப்பித் தோட்டத்துக்குள் ஒரு பழைய பங்களா, சுற்றிலும் சில்வர் ஓக், மிளகுக் கொடி, மூடுபனி. ஒரே லொகேஷனில் வீடு, காடு, பள்ளத்தாக்கு மூன்றும் கிடைக்கும். யூனிட் அங்கேயே தங்கலாம். தனிமையும் பயமும் செலவில்லாமல் ஃபிரேமுக்குள் வந்துவிடும். கதையில் நாயகி ஒரு எஸ்டேட் பங்களாவில் மாட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அப்புறம் கணக்கு தொடங்குகிறது.

1. கொடுமைக் காட்சி மலிவு. ஓர் அறை, நான்கு நடிகர்கள், ஒரு கேமரா, ஒரு நாள் கால்ஷீட். செட் வேண்டாம், ஸ்டண்ட் யூனிட் வேண்டாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டலாம், செலவு ஏறாது.

2. பழிவாங்கும் காட்சி விலை அதிகம். ஸ்டண்ட் மாஸ்டர், டூப், ரோப், உடைகிற கண்ணாடி, பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் வேண்டும். ரத்தம் இன்னும் பெரிய தொல்லை. சினிமா ரத்தம் பெரும்பாலும் சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும் கலந்தது. ஒரு முறை சட்டையில் தெறித்துவிட்டால் அந்தச் சட்டை அடுத்த டேக்குக்கு உதவாது. அதே துணியில், அதே இடத்தில் கிழிந்த இன்னொரு செட் வேண்டும். மூன்று செட் தைத்திருந்தால் மூன்று டேக். மூன்றாவதும் சொதப்பினால் காட்சியை மாற்றி எழுத வேண்டியதுதான். பல மலிவுப் படங்களில் அரிவாள் இறங்கும் நொடியில் கேமரா சுவருக்குத் திரும்பி, சுவரில் மட்டும் ரத்தம் தெறிப்பதைக் காட்டும். அதில் கலையும் இருக்கலாம். ஆனால் சட்டை தீர்ந்துபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

3. மூடுபனி இலவசமும் இல்லை. ஒரு காட்சியின் முதல் பாதியைப் பனியில் எடுத்து முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும். இரண்டையும் ஒட்டினால் பொருந்தாது. பெரிய யூனிட் காத்திருக்கும். சின்ன யூனிட்டுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பேட்டா, சாப்பாடு, வாடகை ஓடும். அதனால் வெளிக்காட்சியைக் குறைத்துவிட்டு அறைக்குள் போவார்கள். அறைக்குள் எடுப்பதற்கு என்ன மிச்சமிருக்கிறது? மறுபடியும் முதல் பாகம்.

4. விற்பனை முன்கூட்டியே எழுதிவிடுகிறது. தமிழ்நாட்டு விநியோகத்தில் சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி சேர்ந்தது ‘சேலம் ஏரியா’. பெரிய ஹீரோ படத்துக்கு இங்கே மினிமம் கியாரண்டி, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு உறுதியான ஒரு தொகை, கொடுத்து வாங்குவார்கள். பெயர் தெரியாத படத்துக்கு அது கிடையாது. தயாரிப்பாளரே செலவு செய்து வெளியிட்டு, தியேட்டர் தரும் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். போஸ்டர்தான் ஒரே ஆயுதம். போஸ்டருக்குக் கிழிந்த உடை வேண்டும் என்று முடிவான நாளே, அந்தக் காட்சி படத்தில் இருந்தாக வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

இந்த நாலையும் சேர்த்துப் பாருங்கள். டைரக்டருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெண்ணின் கோபத்தைச் சொல்ல வேண்டும் என்று மனதார நினைத்துக் கிளம்பிய ஒருவர்கூட, பணம் இழுத்த பக்கம் போனால் கடைசியில் அவள் துன்பத்தை நீளமாகவும் அவள் கோபத்தைச் சுருக்கமாகவும் எடுத்து வைத்திருப்பார். இதை எதிர்த்து நிற்க, படம் தொடங்கும் முன்பே ஒரு முடிவெடுத்திருக்க வேண்டும்: முதல் பாகத்தைச் சுருக்கி, மிச்சமாகும் நாளையும் காசையும் மூன்றாவது பாகத்தில் போடுவது. அப்படிச் செய்தவர்கள் உண்டு, குறைவுதான்.

சென்சார் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

சென்சார் என்று நாம் சொல்வது மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் அதன் சென்னை மண்டல அலுவலகத்துக்குப் போகும். முதலில் பார்வைக் குழு பார்க்கும். அதன் முடிவு பிடிக்கவில்லை என்றால் மறுஆய்வுக் குழு. அதற்கு மேல் ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். பெரிய கம்பெனிக்கு இது சிரமம், சிறு தயாரிப்பாளருக்கு ஏறக்குறைய முடியாத காரியம். வட்டிக்கு வாங்கிய பணம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் வழக்கு நடத்த மாட்டார்கள். சொன்ன இடத்தில் வெட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

1991-ல் வெளியான வழிகாட்டு நெறிகள் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கின்றன. பெண்கள் மீதான பாலியல் வன்முறைக் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும். கதைக்கு அது இன்றியமையாததாக இருந்தால் மிகக் குறைந்த அளவில், விவரம் காட்டாமல் இருக்க வேண்டும். 1996-ல், பூலான் தேவி பற்றிய ‘பேண்டிட் குயின்’ படத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு அளவுகோலையும் வைத்தது. நிர்வாணமோ வன்முறையோ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது, படம் முழுவதையும் வைத்துப் பார்க்க வேண்டும், அந்தக் காட்சி பார்ப்பவனுக்குக் கிளர்ச்சி தருகிறதா அல்லது பாதிக்கப்பட்டவள் மீது இரக்கமும் செய்தவன் மீது அருவருப்பும் வரவைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. நல்ல அளவுகோல்.

ஆனால் நடைமுறையில் குழு வெட்டுவது ஷாட்டை. இரண்டு நொடி குறை, இந்தச் சொல்லை மியூட் செய், அந்த இடத்தை மங்கலாக்கு என்று பட்டியல் வரும். காட்சி யாருடைய பார்வையில் நிற்கிறது என்பதை வெட்டுப்பட்டியலால் மாற்ற முடியாது. கேமரா தாக்குபவனின் தோளுக்குப் பின்னால் நின்று எடுத்திருந்தால், பத்து நொடியை வெட்டினாலும் அது அவன் காட்சிதான்.

சான்றிதழில் இப்போது என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. இந்த வயதுகள் பெற்றோர் முடிவெடுக்க உதவும் குறிப்பு மட்டுமே. ‘ஏ’ அப்படி இல்லை. 18 நிரம்பாதவரை உள்ளே விடக் கூடாது. சான்றிதழுக்கு முன்பு பத்தாண்டு ஆயுள் இருந்தது, இப்போது காலவரம்பு இல்லை.

‘ஏ’ வாங்கினால் பணக்கணக்கு எப்படி மாறும்?

1. குடும்பக் கூட்டம் போய்விடும். மாலைக் காட்சிக்கு ஆள் குறையும்.
2. டிவி உரிமை விற்காது. ‘ஏ’ படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டி, வேறு சான்றிதழ் வாங்கினால்தான் வழி.
3. வரிச்சலுகை இருந்த காலத்தில் இன்னொரு அடியும் இருந்தது. தமிழக அரசு 2011-ல் கேளிக்கை வரி விலக்குக்கு ‘யு’ சான்றிதழைக் கட்டாயமாக்கியது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் அந்தக் கணக்கு முடிந்தது.

ஓடிடிக்கு இந்த வாரியத்தின் சான்றிதழ் தேவையில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்த நிறுவனங்களே வயது வகை போட்டுக்கொள்கின்றன. அதனால் தியேட்டருக்காக வெட்டிய காட்சிகள் அங்கே முழுசாக வந்துவிட வாய்ப்பிருக்கிறது. சட்டத்தை யாரும் மீறவில்லை. இரண்டு பாதைக்கும் இரண்டு விதி, அவ்வளவுதான்.

திரையில் நியாயம், சட்டத்தில் கொலை

‘சட்டமே பெண்ணுக்குக் கொல்லும் உரிமை தந்திருக்கிறது’ என்று இப்படங்களை ஒட்டி ஒரு பேச்சு சுற்றுகிறது. அது பாதி உண்மை. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 38, முன்பு இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 100, பாலியல் வன்கொடுமை நோக்கத்தோடு தாக்க வருபவனிடமிருந்து தற்காத்துக்கொள்ளும்போது அவன் உயிர் போனாலும் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. 2012-ல் மதுரையில், மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவனை அடித்துக் கொன்ற ஒரு பெண்ணை இந்த அடிப்படையில்தான் போலீஸ் விடுவித்தது. ஆனால் ஆபத்து இருக்கும்வரைதான் இந்த உரிமை. தப்பித்து, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, தேடிப்போய் வெட்டினால் அது கொலைதான். இப்படங்களின் இரண்டாவது பாகம், அதாவது தயாராகும் பாகம், சட்டப்படி பார்த்தால் அவளுக்கு எதிரான சாட்சியம்.

‘உண்மைச் சம்பவம்’ என்று போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது அதே சன்ஹிதாவின் பிரிவு 72-ன்படி தண்டனைக்குரியது. பெயரை மாற்றிவிட்டு ஊரையும் தெருவையும் தொழிலையும் அப்படியே வைத்தால் அடையாளம் வெளிப்படத்தான் செய்யும். சேலம் மாதிரி ஊரில் இரண்டு தகவல் போதும், யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

படத்தை எடைபோட நான் பார்ப்பவை

1. கொடுமை நடக்கும்போது கேமரா யாருடைய உயரத்தில் இருக்கிறது? அவள் முகத்திலா, அவன் கண்ணிலா?
2. அதற்கு முன் அவளுக்கு ஒரு வேலை, ஒரு நட்பு, ஒரு பிடிவாதம் ஏதாவது இருந்ததா? இல்லை, கொடுமைப்பட மட்டுமே படத்துக்குள் வந்தாளா?
3. மறுநாள் காட்டப்படுகிறதா? ஆஸ்பத்திரி, எஃப்ஐஆர், வீட்டார் முகம், தூக்கம் வராத ராத்திரி. மலிவுப் படம் பெரும்பாலும் இதைத் தாண்டிக் குதித்து நேராக அரிவாளுக்குப் போகும். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான் பெரிது. இதை எடுக்கக் காசும் அதிகம் ஆகாது.
4. போஸ்டரில் இருப்பது எந்த நிமிடம்?

செட்டில் இருக்கும் பெண்

கதைக்குள் இருக்கும் பெண்ணைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். அந்தக் காட்சியில் நடிக்கிற பெண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சின்னப் படங்களில் நடிகைக்கு முழு ஸ்கிரிப்ட் தருவது அபூர்வம், எழுத்து ஒப்பந்தம் அதைவிட அபூர்வம். ‘லைட்டா ஒரு சீன்தான்மா’ என்று சொல்லி மலைக்கு அழைத்து வந்துவிட்டால், இரவு பத்து மணிக்கு எஸ்டேட் பங்களாவில் முடியாது என்று சொல்ல அவளுக்குத் தெம்பு வேண்டும், கீழே இறங்க வண்டியும் வேண்டும். 2024-ல் வெளியான கேரளத்தின் ஹேமா கமிட்டி அறிக்கை, மலையாள சினிமாவில் பெண்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையையும் நெருக்கமான காட்சிகளில் அவர்களைக் கட்டாயப்படுத்துவதையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இங்கே நிலைமை வேறு என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

படப்பிடிப்புத் தளமும் பணியிடம்தான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் யூனிட்டில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் இதைப் படத் தயாரிப்பு யூனிட்டுகளுக்கும் உறுதிசெய்தது. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். சின்னப் படத்தில் டைரக்டரும் தயாரிப்பாளரும் பல நேரம் ஒரே ஆள் என்பதால், இந்த இரண்டாவது வழிதான் பெரும்பாலும் பொருந்தும். ஏற்காட்டில் படப்பிடிப்பு என்றால் அது சேலம் மாவட்டக் குழு. புகாரை எழுத்தில், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டித் தருவார்கள்.